லாரி கைனுக் தாண்டிருச்சா?

என் கணினியில் எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது என்று நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்காமலே மூன்று பேர் சொன்னார்கள்.

"கிராபிக்ஸ் கார்டுதான்டி முதல்ல," என்றான் பராசா. "உன் ஸ்கிரீன்ல நாங்கல்லாம் செங்கல்லுக்குக் கை கால் முளைச்ச மாதிரி தெரியறோம்னு நீதானே சொன்ன? என் அழகு மூஞ்சிய நீ இன்னும் சரியா பாக்கவே இல்ல."

"பாத்த மூஞ்சிதானே. செங்கல்லே தேவலாம்," என்றேன்.

"பவர் சப்ளை," என்றான் ரோனோ. மாட்டைப் பற்றிய பேச்சைத் தவிர எதையும் நாலு வார்த்தைக்கு மேல் நீட்டாதவன், அன்று கொஞ்சம் தாராளமாகவே பேசினான். "கொட்டகை போடாம மாடு வாங்காத, மும்புவா. உங்க ஊர் கரண்டுக்கு நல்ல கார்டு போட்டா ஒரே வாரத்துல புகைஞ்சிரும்."

மகேனா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்தால் பயப்பட வேண்டும். கோபத்துக்குப் பேர்போன மேரு பக்கத்துக்காரி, மிளகாய் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

நாங்கள் நால்வரும் எல்டொரெட்டில் படித்த காலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கேமிங் கடையில் பழியாய்க் கிடந்தவர்கள். படிப்பு முடிந்ததும் வேலை எங்களை நாலு திசைக்கும் விரட்டியது. பராசா நைரோபியில் கைப்பேசிக் கோபுரங்களில் ஏறி இறங்குகிறான். மகேனாவுக்கு மொம்பாசாவில் வங்கி வேலை, கப்பலுக்குப் போன கணவன், கையில் முரிகி என்ற குழந்தை. ரோனோ மட்டும் கப்சாபெட்டுக்குப் பக்கத்தில் தன் அப்பாவின் நிலத்துக்கே திரும்பிப்போய் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். எனக்கு லோட்வார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தது. கிடைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தலையில் விழுந்தது.

ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடையில் சுவாஹிலியில் விலை பேசலாம், வெயிலைத் திட்டலாம். அதோடு சரி, அவர்கள் தங்களுக்குள் துர்கானா மொழிக்குத் திரும்பிக்கொள்வார்கள். திரும்பட்டும், அவர்கள் ஊர். உட்கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்குச் சுவாஹிலியும் தெரியாது. அவர்களுக்காக அந்த மொழியில் ஐந்து சொல் கற்றுக்கொண்டேன். மூச்சை இழு. பிடி. அசையாதே. விடு. போ. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான் என் பேச்சு. கடைசியில் எல்லோரையும் "போ" என்று சொல்லத் தெரிந்தவளிடம் யார் வந்து உட்கார்ந்து கதை பேசப் போகிறார்கள்?

வாரம் முழுக்க வாயில் ஊறிக் கிடக்கும் பேச்சு சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் வெளியே வரும். நால்வரும் கைப்பேசியில் ஒரே அழைப்பில் சேர்ந்துகொண்டு கணினியைத் திறப்போம். விளையாட்டு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு தீவில் நாலு பேராக இறங்க வேண்டும், மற்றவர்களைச் சுட வேண்டும், கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். உள்ளே வந்து சேர்ந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். நாலும் பச்சையானால்தான் இறங்க முடியும். மூன்று புள்ளி உடனே எரிந்துவிடும். நாலாவது புள்ளி நான்.

என் கணினிப் பெட்டி இங்கிலாந்தில் ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்று, நைரோபிக்குக் கப்பலேறி வந்தது. அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க், பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கும் கிழவரைப் போல ஒவ்வொரு கோப்பாகத் தடவித் தடவி எடுக்கும். வெயிலில் அதுவும் மயங்கும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எனக்கென்று வாங்கிய மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் வியர்த்துக்கொண்டு காத்திருப்பேன். என்னைக் கேட்டிருந்தால் இன்னொரு விசிறிதான் முதலில் வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

"லாரி எங்க வருது?" என்று பராசா ஆரம்பிப்பான். கிட்டாலேயிலிருந்து லோட்வாருக்குச் சரக்கு லாரி வரும் பாதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விளையாட்டு திறக்கும்வரை திரையில் ஊரும் கோட்டைப் பார்த்து, லாரி எந்த ஊரில் வருகிறது என்று நான் பதில் சொல்ல வேண்டும்.

"இப்பதான் கப்பெங்குரியா."

"கைனுக் தாண்டட்டும், எழுப்புங்க," என்பாள் மகேனா.

பாதி வழியில் இருக்கும் கைனுக்கில் நிற்காமல் வந்த லாரி கிடையாது. என் கோடும் சரியாகப் பாதியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போதுதான் பேச்சு. பராசா பெண் பார்க்கப் போன வீட்டில் இரண்டு கோழியைத் தனி ஆளாகத் தின்றுவிட்டு, பெண்ணின் பெயரைக் கேட்காமலே திரும்பி வந்த கதை. மகேனாவின் மேலாளர் போட்டுக்கொண்டு வரும் வாசனைத் தைலம். ரோனோவின் பசு செலெல், அவன் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு வந்தால் மட்டும் பால் குடத்தை உதைத்துத் தள்ளுவது. அவன் பேசும்போது பின்னால் அதுவே கத்தும்; பால் கறக்கும் நேரம். "உன்னத்தான் திட்டுது," என்போம். நானும் பேசுவேன். நுரையீரல் படம் எடுக்கும்போது மூச்சை இழு என்றால் வயிற்றை இழுப்பவர்களைப் பற்றி, தண்ணீர் வராத குழாயைப் பற்றி, ஒன்றுமே இல்லாததைப் பற்றி. லோகிச்சார் வந்து, லோட்வார் வந்து, நாலாவது புள்ளி எரியும்போது பாதி வாரத்தின் பாரம் இறங்கியிருக்கும்.

இரண்டு வருடமாக ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும். அதைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு நாட்டாமை. மகேனாவின் மிளகாய் அடுத்த சனிக்கிழமைதான் உறைத்தது.

"மும்புவா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத," என்றாள். "முரிகி தூங்கறது ஒரே ஒரு மணி நேரம். வாரத்துல எனக்குன்னு இருக்கறது அது மட்டும்தான்டி. அதுல பாதி உன் லாரிக்குக் காவல் காக்கறதுலயே போயிடுது. நாலு பேரச் சுடணும்னு கை துறுதுறுங்குது, நான் இங்க பராசா தின்ன கோழிக் கதை கேட்டுட்டு உக்காந்திருக்கேன். அந்த டிஸ்க்க மாத்து. அழகு, கரண்டு எல்லாம் அப்புறம்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. நான் இளைப்பாறிய நேரம் எல்லாம் அவள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மறுநாளே வேகமான டிஸ்க் ஒன்று கேட்டு நைரோபி கடைக்காரர் முரேய்த்திக்குப் போன் போட்டேன். "எஸ்.எஸ்.டி-யா? அந்தப் பொட்டிக்கா?" என்றார். "செத்த கழுதைக்கு லாடம் அடிக்கிறேங்கறீங்க. சரி, அனுப்பறேன்." பேருந்தில் பொட்டலம் வந்தது. பிஸ்கட் அளவு இருந்தது. பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, பழையதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

அந்த சனிக்கிழமை நான்தான் முதலில் உள்ளே போனேன். என் புள்ளி மட்டும் பச்சையாக எரிய, மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக வந்தன.

"அடிப்பாவி, லாரிய வித்துட்டு ஏரோப்ளேன் வாங்கிட்டியா!" என்று பராசா கத்தினான். மகேனா கை தட்டினாள். ரோனோ ஒன்றும் சொல்லவில்லை. இறங்கினோம், சுட்டோம், ஜெயித்தோம். உடனே அடுத்த ஆட்டம். அதற்கும் அடுத்தது. பிறகு முரிகி விழித்துக்கொண்டான். "சூப்பர்டி, இதுதான்டி ஆட்டம், வரேன்," என்று மகேனா போனாள். பராசாவுக்கும் வேலை இருந்தது. அழைப்பைத் துண்டித்த பிறகுதான் கவனித்தேன்: அன்று நான் பேசியது எல்லாம் "இடப்பக்கம்", "பின்னால", "மருந்து போடு" மட்டும்தான். அது என்ன மொழி? மருத்துவமனையில் நான் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே. நாங்கள் நன்றாக விளையாடத் தொடங்கிவிட்டோம், அதுதான் கொடுமை. ரோனோ மட்டும் முதலில் செத்துக்கொண்டிருந்தான். திறந்த வெளியில் சும்மா நிற்பான்.

"ஓடுடா! உலகத்துக்கே ஓடக் கத்துக் குடுத்த ஊர்க்காரன், மரம் மாதிரி நிக்கறியே!" என்பான் பராசா.

"ம்," என்பான் ரோனோ.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையில் கிடந்து, வேகமான பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டது கிடைத்துவிட்டது, எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது? மகேனாவுக்கு ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். எனக்காக அவளை மறுபடி காக்க வை என்று எந்த முகத்தோடு கேட்பேன்? கையில் இருந்த கூழையும் கவிழ்த்துக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, வாரம் முழுக்க என்னிடம் யாரும் ஒரு முழு வாக்கியம் பேசாத வாரம் அது, நான் விளையாட்டைத் திறக்கவில்லை. அழைப்பில் மட்டும் சேர்ந்துகொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தேன்.

"மும்புவா, உன் புள்ளியக் காணோம்?" என்றாள் மகேனா.

"லாரி கைனுக்ல நிக்குது," என்றேன். "டயர் பஞ்சர்."

"விளையாடாத. அதான் புது டிஸ்க் போட்டாச்சே."

"புது டயர் பஞ்சர் ஆகாதா?"

பராசா சிரித்தான். அவன் ஏதாவது கதையை ஆரம்பித்துவிடுவான் என்று காத்திருந்தேன். அவன், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு, நாங்க இருக்கோம்," என்றான். அப்புறம் யாரும் பேசவில்லை. பேசும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. மகேனா நாக்கைச் சொடுக்கினாள்.

"அடியே, முரிகி இப்பவே புரள ஆரம்பிச்சிட்டான். உன் எடத்துல வேற யாரையாவது சேத்துட்டு ஒரே ஒரு ஆட்டம் போயிட்டு வரோம். தப்பா நினைக்காத... அட, ரோனோவும் ஆட்டத்த விட்டு வெளிய போயிட்டான்! என்னடா ஆச்சு இன்னைக்கு ரெண்டு பேருக்கும்?"

"எனக்கும் பஞ்சர்," என்றான் ரோனோ.

"நல்லா சேந்தீங்க போங்க," என்றான் பராசா. யாரோ இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வேறு அழைப்பில் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். மனதார வாழ்த்தவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

அழைப்பில் ரோனோவும் நானும் மிஞ்சினோம். மேசை விசிறி சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவன் பக்கத்து அமைதி எனக்கு உறைத்தது. நாலு மணி தாண்டிவிட்டது. பின்னால் எதுவும் கத்தவில்லை.

"ரோனோ, செலெல் எங்க? சத்தத்தையே காணோம்."

"வித்துட்டேன்."

"செலெல்லையா?"

"எல்லாத்தையும். அப்பாக்குத் தொண்டைல வந்திருக்கு. சாப்பாடு எறங்கல. எல்டொரெட் ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். இப்ப தண்ணியும் எறங்கல."

படம் எடுக்கிறவள் நான். தண்ணீரும் இறங்கவில்லை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

"எப்பலேர்ந்துடா?"

"நீ டிஸ்க் மாத்தினியே, அதுக்கு முந்தின வாரம் தெரிஞ்சுது."

"ஏன்டா சொல்லல? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போன் பண்ணிச் சொன்னா அது பெரிய சேதி ஆயிடும், மும்புவா. வாயில வரல. சனிக்கிழமை லாரி வரும்ல, அந்தக் கேப்புல சும்மா சொல்ற மாதிரி சொல்லிடலாம்னு நெனச்சேன். பராசா ஏதாவது கிண்டல் பண்ணுவான், தாங்கிக்கலாம்னு." நிறுத்தினான். "அன்னைக்கு நீ முதல்ல வந்து நின்னுட்ட."

அழுகிறவனுக்கு மூச்சு உள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல் முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். எலும்பு முறிந்து மேசையில் படுத்திருப்பவர்களிடம் தினமும் கேட்பது. கை தானாக மேலே போனது, வாய் தானாகத் திறந்தது. துர்கானா மொழியில் மெதுவாகச் சொன்னேன்.

மூச்சை இழு. பிடி. அசையாதே. விடு.

அவன் பேசுவது நாந்தி மொழி, துர்கானாவில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் இழுத்தான், விட்டான். மறுபடி சொன்னேன். மறுபடி இழுத்தான்.

"என்ன பாஷை அது?" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இந்த ஊர் பாஷை. எனக்குத் தெரிஞ்சதே இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

ஐந்தாவதாக இன்னொரு சொல்லும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.