மூன்றாவது பச்சை விளக்கு

அன்று அந்தச் சின்ன விமானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு தாங்களும் இருந்ததாகச் சொல்லிக் கிளம்பியவர்கள் அதிகம். கோவில்பதாகை வேம்புலி, அவர் மனைவி வரலட்சுமி, வரலட்சுமியின் தம்பி அப்பாவு, மற்ற ஊழியர்களின் வீட்டார் பன்னிரண்டு பேர். ஓட்டியவர் கேப்டன் இருதயராஜ். அவர் பக்கத்தில் துணை விமானி கோமளா, வேம்புலியின் ஒரே மகள். வேறு ஒருவரும் இல்லை.

புதிதாகத் தொடங்கிய கம்பெனி, ஊழியர்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி, ஆவடி என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை அது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வேம்புலி வீட்டுப் புது வண்டி எதுவும் தெருவைத் தாண்டியதில்லை. மாங்காட்டம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த பழத்தை வரலட்சுமி அவர் கையில் கொடுத்திருந்தாள். அவர் விமானத்தின் முன் சக்கரத்தை நெருங்கியதும் காவலர் ஒருவர் அதட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். வைத்தாயிற்றா என்று மனைவி கேட்டபோது, விரட்டப்பட்டதைச் சொல்ல மனம் வராமல் தலையை ஆட்டிவைத்தார்.

இறங்கும் நேரத்தில் வினை வந்தது. சக்கரங்கள் வெளியே வந்து பூட்டிக்கொண்டால் மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். இரண்டுதான் எரிந்தன. முன் சக்கரம் வரவில்லை என்று இருதயராஜ் அறிவித்துவிட்டு, விமானத்தை மறுபடி மேலே ஏற்றினார்.

அப்பாவு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "மாமா, முன் சக்கரத்துலதானே பழம் வச்சே? அது மேல போய் மாட்டிகினுகீது."

பன்னிரண்டு பேரும் வேம்புலியைத் திரும்பிப் பார்த்தார்கள். மகளின் வண்டியை அப்பனே கெடுத்தான் என்று நாளைக்கு ஊர் பேசும். கோமளாவின் வேலைக்கும் அது ஆபத்து. உண்மையைச் சொன்னாலோ, அறுபத்திரண்டு வருஷமாக நிமிர்ந்து நடந்தவர் பெண்டாட்டி முன்னால் பொய்யர் ஆவார். வேம்புலி சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"வைக்கல. கிட்டவே உடல. இந்தா, இங்க கீது பாரு."

வரலட்சுமி பழத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்போ தலைய ஆட்டினியே?"

"ஆட்டினேன்."

பழத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே வெறும் திரைதான், அது விலகியிருந்தது. கோமளா தரையிலிருந்து ஒரு கைப்பிடியைத் தூக்கி மேலும் கீழும் அடிக்கத் தொடங்கினாள். கையாலேயே சக்கரத்தை இறக்கும் ஏற்பாடு.

"நம்ம தெரு அடி பம்பு மாதிரியே கீதே" என்றான் அப்பாவு.

குழாய் இணைப்பு வருவதற்கு முன் அந்தப் பம்பில் தினமும் பத்துக் குடம் அடித்தவள் கோமளா. வரலட்சுமிக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது.

"குனியாத கோமளா, இடுப்ப நிமித்தி அடி."

பின்னால் இருந்தவர்கள் அடிக்கு அடி எண்ண ஆரம்பித்தார்கள். கீழே ஆவடியின் ஏரியும் வீடுகளும் இரண்டு முறை சுற்றி வந்தன. அறுபத்தெட்டாவது அடியில் மூன்றாவது விளக்கு எரிந்தது. விமானம் பூப்போல இறங்கியது. வேம்புலி எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் படியில் இறங்கி, அதே காவலரிடம், "அது என் பொண்ணு" என்றார்.

வேம்புலி வைத்த எலுமிச்சம்பழம் சிக்கித்தான் சக்கரம் வரவில்லை என்று கோவில்பதாகையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கசிந்தது சக்கரத்தை இறக்கும் எண்ணெய்க் குழாய். பழத்தை அன்று மதியம் வரலட்சுமி ரசத்தில் பிழிந்தாள்.