மேட்ரனின் சாவிக் கொத்து

தாம்பரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், மேட்ரன் அபிதகுஜாம்பாளின் இடுப்பைத் தாண்டி ஒரு பஞ்சுருண்டைகூட நோயாளியிடம் போய்ச் சேராது. என்றைக்கோ ஒரு தெர்மாமீட்டர் காணாமல் போயிற்று. அன்றிலிருந்து எல்லா வார்டு பீரோவையும் பூட்டி, சாவிகளை வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இதற்கு அவள் வைத்த பெயர் நிர்வாகம்.

1988. நர்ஸ் தினம். கீழே ஹாலில் ‘தலைமைப் பண்புகள்’ பற்றி மேட்ரனின் சொற்பொழிவு. வார்டுக்கு ஒருத்தி போக மற்ற எல்லோரும் வந்து கைதட்டியாக வேண்டும் என்பது உத்தரவு.

மாடியில், பெண்கள் வார்டில் நர்ஸ் செல்வமேரி தனியாக டியூட்டியில் இருந்தாள். ஆறாம் கட்டிலில் அனகாபுத்தூர் பொன்னியம்மாளுக்கு ஆஸ்துமா. போட்ட ஊசிக்குக் கேட்கவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கிவிட்டது. டாக்டரோ ஆபரேஷன் தியேட்டரில். ஆக்ஸிஜன் சிலிண்டர் தலைமாட்டிலேயே நின்றது. அதைத் திறக்கும் ஸ்பேனர் மட்டும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

"இன்னா சிஸ்டர் இது? சிலிண்டரு பக்கத்துலயே கீது, தொறந்து வுட்டா இன்னா?" என்று கத்தினான் புருஷன் ஜெயவேலு.

"பீரோ சாவி மேட்ரன்கிட்ட இருக்குங்க. இவங்களை நிமிர்த்திப் புடிச்சுக்குங்க, இதோ வந்துட்டேன்!"

ஹாலில் மைக் முழங்கியது. "தனக்குக் கீழே இருப்பவர்களின் குரலுக்குச் செவி சாய்ப்பவளே நல்ல தலைவி!"

செல்வமேரி மேடையருகே ஓடினாள். "மேடம், ஆறாம் பெட்டுக்கு மூச்சு முட்டுது. சாவி குடுங்க."

மேட்ரன் மைக்கைக் கையால் பொத்தினாள். "கெஸ்ட் முன்னாடி இப்படியா ஓடி வருவே? தொப்பி கோணிக்கிட்டு நிக்குது. போய் உட்காரு. இன்னும் நாலு பண்பு பாக்கி இருக்கு."

முன்வரிசை சீனியர்கள் தரையைப் பார்த்தார்கள். அதில் அவர்களுக்கு வருஷக்கணக்கில் பயிற்சி.

செல்வமேரி மேடையேறினாள். மேட்ரனின் இடுப்பில் கை வைத்துக் கொத்தை ஒரே இழுப்பாக உருவிக்கொண்டு ஓடினாள்.

கால் மணி நேரத்தில் பொன்னியம்மாளின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த செல்வமேரியின் எதிரில் மேட்ரனும் சிறப்பு விருந்தினரும் நின்றார்கள், போட்டோகிராபர் சகிதம்.

"பார்த்தீங்களா சார்? சட்னு முடிவெடுக்கணும்னு நான் குடுத்த டிரெய்னிங்!"

விருந்தினர் கைதட்டினார். போட்டோவும் ஆயிற்று. அவர் படியிறங்கியதும் மேட்ரனின் சிரிப்பும் கூடவே இறங்கிவிட்டது.

"காலைல உன் பேருக்கு மெமோ வரும். கொத்தைக் குடுடி."

செல்வமேரி வளையத்திலிருந்து அந்த வார்டு பீரோவின் சாவியை மட்டும் கழற்றி, ஆறாம் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள். மிச்சத்தை நீட்டினாள்.

"மெமோல இதையும் சேர்த்து எழுதிக்குங்க, மேடம்."

மேட்ரன் ஆணியை நோக்கி ஓரடி வைத்தாள். ஜெயவேலு ஒரு ஸ்டூலை இழுத்து ஆணிக்கு நேர் கீழே போட்டு, அழுத்தமாக உட்கார்ந்தான்.