மாதிரிப் படிவம்

அந்தச் சமூக வலைத்தளக் கம்பெனியில் அவளுக்குப் பட்டப்பெயர் கொக்கி. யாருடைய கணக்கு விவரத்தைக் கேட்டு அரசாங்கத்திலிருந்து படிவம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். கையெழுத்து, முத்திரை, தேதி, ஒன்று குறைந்தாலும் கொக்கி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. படிவம் சரியாக இருந்தால் ஆளின் பெயர், ஃபோன் நம்பர், எங்கிருந்து எழுதினான் என்பது வரை எல்லாம் போய்விடும்.

இரண்டு வருடம் முன்புவரை பத்துக்கு ஏழு படிவம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். அவள்தான் வழி செய்தாள். ஒரு கட்டம் விடாமல் நிரப்பிய மாதிரிப் படிவத்தை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி வைத்தாள். கடைசியில் 'கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டாம்' என்று ஒரு சின்னக் கட்டம். எப்படி நிரப்புவது என்று காட்ட அதிலும் ஒரு டிக் போட்டாள்.

அரசாங்க ஆபீஸ்காரர்கள் மகா சமர்த்து. அந்த டிக்கோடு சேர்த்தே அச்சடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு டிக் இல்லாத படிவம் வந்ததே இல்லை. அவளுக்கும் அது தெரியும். வேலை சுலபமாகிவிட்டதே என்று வாயைத் திறக்கவில்லை. அந்த வருடம் சிறந்த ஊழியர் என்று கண்ணாடிக் கேடயம் வேறு கொடுத்தார்கள்.

அவள் தம்பிக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று அவன் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை மேலே இருப்பவர்கள் அமுக்கிவிட்டார்கள். அவன் 'சொட்டு' என்ற பெயரில் அந்த எண்களை அவள் கம்பெனி வலைத்தளத்தில் போடத் தொடங்கினான். போடுவதற்கு முன்பே அக்காவிடம் வந்து, மாட்டிக்கொள்வேனா என்று கேட்டான். வேலை போனால் போகட்டும், ஜெயிலில் போட்டால் கைக்குழந்தையோடு பெண்டாட்டி என்ன செய்வாள் என்பதுதான் அவன் கவலை.

"யார் கேட்டாலும் முதல்ல உனக்குச் சொல்லிட்டுத்தான்டா கொடுப்போம். ஏழு நாள் டைம் இருக்கும். வக்கீலைப் பிடிச்சுத் தடுத்துடலாம்," என்றாள்.

விதி அப்படித்தான் இருந்தது. தான் போட்ட டிக் அந்த நேரம் அவள் நினைவுக்கே வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்த படிவத்தில் 'சொட்டு' என்று இருந்தது. மூன்று முறை படித்தாள். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் கச்சிதம். அனுப்பிய அதிகாரியைக் கூப்பிட்டு, அந்த டிக் அவசியம்தானா என்று கேட்டுப் பார்த்தாள். நீங்கள் அனுப்பிய மாதிரியேதான் மேடம், எதையும் மாற்றவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

தம்பியைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். அடுத்த படிவம் தன் ஃபோன் விவரத்தைக் கேட்டு ஃபோன் கம்பெனிக்குப் போனால்? வைத்துவிட்டாள். இன்னும் ஒரே வழிதான் இருந்தது. டிக் என் தப்பு, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று மேலாளரிடம் சொல்லலாம். இரண்டு வருடப் படிவங்களையும் தோண்டுவார்கள். நாற்காலி போய்விடும். மேலாளர் அறை வாசல் வரை போனவள் கதவைத் தட்டாமல் திரும்பி வந்தாள். தலைவலி என்று சொல்லிப் படிவத்தைப் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் நான்கே நிமிடத்தில் எல்லா விவரத்தையும் அனுப்பி முடித்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தம்பி கூப்பிட்டான். ஆட்கள் வந்திருக்கிறார்கள், கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு ஃபோன் செய்துகொள்ள விட்டிருக்கிறார்கள் என்றான். அந்த ஒன்றையும் பெண்டாட்டிக்குச் செய்யாமல் அக்காவுக்குச் செய்திருந்தான்.

"முதல்ல எனக்குச் சொல்வீங்கன்னு சொன்னியேக்கா?"

"சொல்லக் கூடாதுன்னு டிக் போட்டிருந்துச்சுடா."

"யாரு போட்டது?"



"அவங்கதான்," என்றாள்.

"அப்ப நீ என்ன பண்ணுவ, பாவம். குழந்தையைப் பார்த்துக்கக்கா."

ஃபோன் வைத்த பிறகும் அவன் சொன்ன 'பாவம்' அவளை அறைந்துகொண்டே இருந்தது. மேசையில் புதிதாக மூன்று படிவங்கள் வந்திருந்தன. புரட்டினாள். எதிலும் கொக்கி போட ஒன்றுமில்லை. மூன்றிலும் அவள் டிக்.