சமையலறைக்குப் போகும் தூரம்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஸ்டுடியோ வைத்திருந்த காசிநாதனின் மனைவி செவ்வந்தி, எழுபத்தோராம் வருஷத்து ஐப்பசியிலிருந்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவரைவிட்டுத் தூரமாகிக்கொண்டு போனாள். அதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய கேமராதான். ஜெர்மன்காரன் செய்த ரேஞ்ச்ஃபைண்டர் அது. எட்டிப் பார்த்தால் நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால், அவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று வளையமே சொல்லிவிடும். அன்றைக்குச் செவ்வந்தி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வளையம் பதினைந்து அடி என்றது. கேமராவுக்குத்தான் கேடு என்று நினைத்து, வாசலில் கட்டியிருந்த ஆட்டை அளந்து பார்த்தார். ஆடு சரியாகத்தான் இருந்தது.

தை பிறப்பதற்குள் வளையம் அதன் கடைசிக் குறிக்குப் போய் நின்றது. அதற்கு மேல் அளக்க அதற்கு வக்கில்லை. பிறகு வெறும் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. அடுப்படியில் நிற்கிறவள் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தாள். தண்ணீர் கேட்டால், ஒரு வெற்றிலையை மென்று முடித்த பிறகுதான் "தோ வரேன்" என்ற குரல் வந்து சேர்ந்தது. ரசம் எப்போதும் ஆறிப்போய் வந்தது. இத்தனையும் புருஷனுக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் எப்போதும் போலச் சுவருக்கு மேலே கை நீட்டி அவளிடம் புளி வாங்கிக்கொண்டு போனாள். காசிநாதன் வெட்கத்தை விட்டுக் குஞ்சம்மாளிடம் கேட்டதற்கு, "உங்க வூட்டம்மா இங்கியேதான் இருக்காங்க. நீங்கதான் தூரமா போய்க்கினு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காரணம் காசிநாதனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால், எடுப்பதற்கு முன் பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சொந்தபந்தம் சுற்றி நிற்கப் படம் எடுத்துக்கொள்வார்கள். பலருக்கு அதுதான் முதல் படமும் கடைசிப் படமும். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊர்கள் வரைக்கும் இந்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, சாய்கிற தலையை நிமிர்த்தி, தூங்குகிற ஆளைப்போல உட்காரவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் சின்னப்பொண்ணு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மலையில் ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பியவர் குழந்தையைத் தாய் மடியில் பார்த்தார். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து, "செவ்வந்தி, புள்ள மொகத்த கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பு" என்றார். அவளும் திருப்பினாள். படம் நன்றாக வந்தது, கொடுமையே அதுதான். ஃபிலிமைக் கழுவி முடித்துவிட்டு அழலாம் என்று இருந்தார். அதற்குள் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னொரு கல்யாணம்.

பாண்டிச்சேரியிலிருந்து பழைய லென்ஸுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வருகிற தங்கதுரை, பங்குனியில் வந்தபோது காசிநாதன் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். தங்கதுரை ஆச்சரியப்படவில்லை. வியாபாரிக்கு எந்தக் கஷ்டமும் சரக்கு விற்க ஒரு தேவைதான். "இதுக்கா மனச விடற? ஆளு தூரமா போயிட்டா கிட்ட இழுக்கத்தான் டெலி லென்ஸ் இருக்குது" என்று நீளமான ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் கட்டையாக இன்னொன்று கிடந்தது. அது எதற்கு என்று காசிநாதன் கேட்டார். "அது வைடு. எடத்தயெல்லாம் வாரிக்கினு வரும், ஆளு இன்னும் சின்னதா பூடும். உனுக்கு ஒதவாது." இரண்டையும் வைத்துப் பார், அடுத்த வாரம் ஒன்றைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டு அவர் சின்னசேலம் பஸ் ஏறினார்.

காசிநாதன் முதலில் டெலியைப் போட்டு, அடுப்படியின் கோடியில் தெரிந்த புள்ளியைக் குறிவைத்து எடுத்தார். இருட்டறையில் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டதும் செவ்வந்தியின் முகம் தாம்பாளம் போலப் பெரிதாக எழுந்து வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! மூக்குத்தி, நெற்றியின் சின்னத் தழும்பு, இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. "அடேங்கப்பா, இன்னா சுத்தமா விழுந்திருக்குது!" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு அப்புறம்தான் பார்த்தார், இமையில் நிற்பது கண்ணீர். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மறுபடியும் அதே காரியத்தைச் செய்திருந்தார். இவ்வளவு பக்கத்தில் முகம் இருந்தும் அவர் ஓர் அடிகூட நகரவில்லை, துடைக்க வேண்டிய கன்னம் தாளில் இருந்தது. அந்தப் படத்தை உலரப் போடாமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் மனசில்லாமல்தான் வைடைப் போட்டு ஒன்று எடுத்தார். தங்கதுரை சொன்னபடி செவ்வந்தி எள்ளுப் போல ஆகிவிட்டாள். ஆனால் மற்றதெல்லாம் விழுந்திருந்தது. நிலைப்படியில் தொடங்கி அடுப்பு வரைக்கும் நடுவில் இருந்த நிலம் முழுக்கத் தெரிந்தது. செம்மண் மேடு, மரவள்ளிக் கொல்லை, ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம், அதற்கெல்லாம் ஊடே ஒற்றையடிப் பாதை. ஆக, தூரம் என்றால் வழியும் இருக்கிறது! இத்தனை நாள் அவர் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, நடுவில் இருந்ததைப் பார்க்கவே இல்லை. டெலியைத் துணியில் சுற்றித் தங்கதுரைக்கென்று எடுத்துவைத்தார். கட்டை லென்ஸை வைத்துக்கொண்டார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நிலைப்படி தாண்டிச் சமையலறைக்கு நடந்தார். வெயில் ஏறியது. வாய்க்காலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பழக்கதோஷம், கேமராவும் கழுத்தில் கிடந்தது. நின்று நின்று அளந்தார். வளையம் கடைசிக் குறியைவிட்டு இறங்கி முப்பதடிக்கு வந்தது, பத்துக்கு வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் முழு ஆளாக எதிரே உட்கார்ந்திருந்தாள். இன்னும் கிட்டே போனார். வளையம் இடித்து நின்றுவிட்டது. அதற்கு மேல் எந்த லென்ஸாலும் முடியாது. இரண்டு செவ்வந்தி தெரிந்தாள், ஒன்றாகவே மாட்டேன் என்றாள். அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள் அவள்.

அவர் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தார். தரையில் உட்கார்ந்து, "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். குஞ்சம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்டுவிட்டுத் தானும் அழுதாள். செவ்வந்தி அவர் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தூரம் அதற்காகக் குறைந்துவிடவில்லை. காசிநாதன் காலையில் சோற்றுத் தூக்கோடு உள்ளே புறப்படுவார், அவள் அந்தப் பக்கமிருந்து குழம்போடு வருவாள், புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மகளைப் பற்றிப் பேசுவார்கள். எதிரெதிரே எத்தனை நடந்தும் அந்தப் பாதை கடைசிவரை ஓர் அடியும் குறுகவில்லை. ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், முதலாளி சமையலறைக்குப் போயிருக்கிறார் என்றால், சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.