கடலில் எடுத்த களை

என் வீட்டுக்காரர் இராஜாங்கத்துக்கு எதைக் கண்டாலும் வயல்தான். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தாலும் மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பார். கடைமடையில் கிடக்கும் எங்கள் நிலத்துக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வயல் முடிந்ததுமே கடல் தொடங்குகிற ஊர் எங்களுடையது. அதனால் மீன்பிடிக்கிற கலந்தர் அண்ணனோடு பங்கு போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினார்.

வாங்கிய நேரம், கடலில் மீன் இல்லை. விசைப்படகுகள் இழுவைமடி வலை போட்டு, கடலடியைத் தரையோடு தரையாக வழித்து எடுத்திருந்தன. ஊர் கூடி, கரையோரக் கடலில் இழுவைமடியே கூடாது என்று தடை போட்டது. மூன்று வருஷமாயிற்று. மீன் வரவில்லை, புல்தான் வந்தது. கடலடியில் மண்டிக்கிடந்து இவருடைய நண்டுவலையையெல்லாம் சிக்கலாக்கியது.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு கூட்டம். தடையை எடுக்கச் சொல்லி நான் கை தூக்கப் போறேன். விசைப்படகு வந்தா கூலிக்காவது ஏறிக்கலாம்," என்றார்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் படகுக்கு ஒரு கைதான். கூட்டாளிகள் ஒத்துப்போகாவிட்டால் அதுவும் கிடையாது. கலந்தர் அண்ணன் அசைந்து கொடுக்கவில்லை.

"மாப்ள, ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?"

"களை எடுக்காத வயல் என்னைக்குப் பாய் விளைஞ்சிருக்கு?"

கேட்டதோடு விட்டாரா மனிதர்? வியாழக்கிழமை கலந்தர் அண்ணன் தன் மகளைப் பார்க்க நீடாமங்கலம் போயிருந்தார். இவர் இரும்புப் பல் வைத்த வாரியைக் கயிற்றில் கட்டிப் படகில் இழுத்துக்கொண்டு களையெடுக்கக் கிளம்பிவிட்டார். உலகத்தில் எவனாவது கடலுக்குக் களை எடுப்பானா? மதியம் படகு நிறையப் புல்லோடு வந்து கரையில் கொட்டி, "தென்னைக்கு உரமாப் போடு குந்தவை," என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டிக்கொண்டே ஒரு கத்தை அள்ளினேன். கையில் என்னவோ துள்ளியது. விரல் நீளத்தில் ஓரா மீன் குஞ்சு! உதறினேன். நகத்தளவு நண்டுகள் சிதறி ஓடின. புல்லோடு ஒட்டி, அவரைப் பிஞ்சு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கணவாய் முட்டை.

"இதை வந்து பாருங்க," என்றேன்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"நாத்தங்காலுடி இது. களைன்னு நெனச்சு நாத்தங்காலைப் புடுங்கிட்டேனே!"

இரண்டு பேரும் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டோம். எத்தனை பிழைத்ததோ. சாயங்காலம் திரும்பி வந்த கலந்தர் அண்ணன் மிச்சம் கிடந்த புல்லைப் பார்த்தார். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கூட்டத்தில் இவரே எழுந்து, தான் செய்த கூத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். ஊரே சிரித்தது.

"அது கெடக்கட்டும், மூணு வருஷத்துல என்னத்தைப் புடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் புடிக்கலைங்க. இப்பத்தான் நாத்தே முளைச்சிருக்கு. அதுக்குள்ள மறுபடி உழணுங்கிறீங்களா?"

சிரிப்பு அடங்கியது. தடை இருக்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இவர் கலந்தர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். பின்னாலேயே மற்றப் படகுகளின் கைகளும் எழுந்தன. தடை நீடித்தது.

அடுத்த வருஷம் ஓரா வந்தது, நண்டு வந்தது. ஆனால் இவர் வாரி இழுத்த இடம் மட்டும் வழித்த தலை மாதிரி மொட்டையாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போனால் இன்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாராம். அண்ணன்தான் சொல்லிச் சிரிப்பார்.

போன மாசம் ஒருநாள் படகு கொள்ளாமல் மீன். நான் கூடையோடு காத்திருக்கிறேன். இவர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார்.

"குந்தவை, அங்க பச்சை புடிச்சிருக்குடி!"