உறைக்குள் பிடித்த காய்

எங்கள் கடுகுச் செடி ஒன்றுக்குச் சொந்த மகரந்தம் ஆகாது. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் குடியிருந்தாலும் ஒட்டு உறவு கிடையாது; வேற்றுச் செடியின் மகரந்தம் வந்தால்தான் காய்க்கும். கலப்பின விதை எடுக்க இதைவிட வசதி வேறில்லை. என் மூன்றாண்டு ஆய்வு இந்தக் குணத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. நிரூபிக்க, மொட்டுக் கொத்தைக் காகித உறையால் மூடினேன். உள்ளே காய் பிடிக்கக் கூடாது.

பிடித்தது. பதினொரு காய், ஒவ்வொன்றும் பிள்ளைத்தாச்சி மாதிரி.

முதல் சந்தேகம் பக்கத்து மேசைக்காரன் மேல்; மீசை என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கும் கடுகில்தான் ஆய்வு.

"டேய், என் உறைக்குள்ள கை விட்டியா?"

"என் செடியைப் பாக்கவே நேரமில்ல. உன் செடிக்கு நான் எதுக்குடா மாமா வேலை பாக்கணும்?"

பதில் சட்டென வந்தது. யோசிக்காமல் பேசுகிறவனை எப்படி நம்புவது? அடுத்து தேனீ. உறையில் ஓட்டையில்லை. கடைசியில் செடியையே சந்தேகித்தேன். அது ஊமைக்கோட்டான் மாதிரி நின்றது.

வழிகாட்டி மேடம் காய்களை விரலால் அழுத்திப் பார்த்தார். "சொந்த மகரந்தத்தை ஏத்துக்குது. இந்த வரிசை தேறாது. நாளைக்குப் பிடுங்கிடு."

மறுநாள் காலை தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"அண்ணே, பொறுங்க. இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்களே, தினமும்."

"யாரு?"

"நீங்கதான் தம்பி. கோடி வரிசையில பூவுக்குப் பூ மகரந்தம் தடவிட்டு, நேரா இங்க வந்து உறையைத் திறந்து கிளறுவீங்க."

"யாராவது கை வச்சிருக்காங்களான்னு பாத்தேன்ணே."

"நல்லாப் பாத்தீங்க, அந்த மஞ்சக் கையோட."

நகக்கண்ணைப் பார்த்தேன். செடி உத்தமி. வேலிதான் பயிரை மேய்ந்திருக்கிறது.

சொன்னால் மானம் போச்சு. சொல்லாவிட்டால் செடி போச்சு. மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"செடியைக் காப்பாத்த நீயா கட்டின கதையா இது?"

"சத்தியமா இல்ல மேடம்."

"கோடி வரிசைக்குத் தண்டு ஊதா, இதுக்குப் பச்சை. அந்தப் பதினொரு காயும் முத்தினதும் விதையை முளைக்க வை. நாத்து ஊதாவா வந்தா நம்பறேன். அதுவரைக்கும் பிடுங்க வேண்டாம். பாக்கி மொட்டுக்குப் புது உறை மீசை போடட்டும். நீ பத்தடி தள்ளி நில்லு."

நின்றேன். மீசை கை கழுவி, உறையை மாட்டி, அதன் வாயை இரண்டு முறை மடித்துக் குண்டூசி குத்தினான்.

இரண்டு முறை எதற்கு? திறந்து பார்க்கக் கை அரித்தது.