அன்னக்கரை அட்டை

பிடரியிலிருந்து தோள்பட்டை வரை ஒரே குத்தல். விடிந்தது முதல் குனிந்து ஊசி பிடித்தால் அப்படித்தான். மிஷன் கோவிலை ஒட்டிய கொட்டகையில் நாங்கள் பத்துப் பேர் மேசைவிரிப்புகளில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தோம். நான் கழுத்தை நிமிர்த்தியபோது, பக்கத்தில் இருந்த சத்தியபாய் துணிக்கட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். வலி மறந்துபோயிற்று.

மதராசிலிருந்து வரும் பத்திரிகையின் தீபாவளி அட்டை. முப்பத்தாறாம் வருஷம். எங்களுக்கு வண்ணப்படம் என்றால் அன்று அதுதான். படத்தில் ஒருத்தி ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண் யாரும் அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை; பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் எங்கம்மா ஓலை முடைவாள். ஊதாச் சேலை, கரையில் வரிசையாக அன்னங்கள்.

திருவட்டாற்றில் பொன்னுலிங்கத்தின் மளிகைக்கடைக்கு இருபது ஓலை முடைந்து கொடுத்து, கூலிக்குப் பதிலாக, அங்கே பொட்டலம் மடிக்கக் கிடந்த பழைய பத்திரிகைகளிலிருந்து சத்தியபாய் வாங்கியது.

"ஏட்டி, ரெண்டு நாளைக்குத் தாட்டி. கரைய மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்று கெஞ்சினேன்.

"வியாழக்கெழம எனக்குக் கல்யாணம். பெட்டி மூடிக்கு உள்ள ஒட்டணும். கசக்கினா கைய ஒடிச்சிருவேன், கேட்டியா?"

தாளில் வரைந்த கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூள் தேய்ப்போம். பூ துணியில் இறங்கிவிடும். அட்டையைப் பார்த்து வேறு தாளில் வரைந்து, அந்தத் தாளைத்தான் நான் குத்தியிருக்க வேண்டும். பத்து வயதிலிருந்து பழகிய கை, படத்தைக் கண்டதும் நேராக அட்டையிலேயே ஊசியை இறக்கியது. மூன்றாவது அன்னத்தில்தான் உறைத்தது. அப்புறமும் நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கெட்டது கெட்டாச்சு, கரையாவது கிடைக்கட்டும் என்று மிச்ச அன்னங்களையும் குத்தினேன்.

சத்தியபாய் அட்டையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "நல்ல சேலைக்கு அம்மை போட வச்சிட்டியேட்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இது வேண்டாம். ஓட்டை இல்லாதது கொண்டா."

பொன்னுலிங்கம் கடைக்கு ஓடினேன். "அதெல்லாம் புளி பொதிஞ்சு போயாச்சு மக்கா" என்றார்.

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. மறுவாரம் சத்தியபாய் புருஷனோடு பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். பெட்டி மூடியின் உள்பக்கம் வெறும் தகரம். என் அன்னக்கரை விரிப்புகள் சீமைக்குக் கப்பலேறின, கூலியும் கூடியது.

இப்போதும் கடைவாசலில் பத்திரிகை தொங்கினால் நின்றுவிடுகிறேன். எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. அந்த ஊஞ்சல்காரி மட்டும் இல்லை. ஓட்டையில்லாத அந்த அட்டை ஒன்று நான் சத்தியபாய்க்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.